அசல் தக்காளி

"தம்பி வீட்டுக்குப் போயிட்டுத்தானே வர்றீங்க? அங்க இருக்கிறது போலின்னு கண்டுபிடிச்சீங்களா, இல்லையா?"

வாசலிலேயே மடக்கினார் பெரியவர். விதை ஆய்வாளர் இன்னும் செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

அப்பா காலத்துத் தக்காளி அது. வீட்டோடு விதையையும் பங்கு பிரித்துக்கொண்ட அண்ணனும் தம்பியும் அன்றிலிருந்து எலியும் பூனையும்தான். யார் தோட்டத்தில் அசல் இருக்கிறதோ, அவர் பெயரில் அந்த ரகம் விதை வங்கியில் பதிவாகும்.

"செடியைப் பார்க்கவே விடலைங்க. 'எங்களுது எப்பவோ கலப்பாயிடுச்சு, அண்ணன்கிட்டதான் அசல் இருக்கு, அங்க போய்ப் பாருங்க'ன்னு அனுப்பிட்டாரு."

"பார்த்தியாம்மா, அவனே ஒத்துக்கிட்டான்! குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்குது." பெரியவர் மருமகளைப் பார்த்துச் சிரித்தார். அவள் தலை குனிந்துகொண்டாள்.

பின்பக்கத் தோட்டத்தில் செடிகள் காய்த்துச் சாய்ந்திருந்தன. ஆய்வாளர் பழைய விதைப் பதிவேட்டின் நகலை விரித்தார். எழுதியவர் முன்பு போலீஸ்காரராக இருந்திருக்க வேண்டும், அவ்வளவு அங்க அடையாளம். உருளைக்கிழங்கு இலை போல அகல இலை, பழுத்த பிறகும் காம்படியில் மாறாத பச்சை, அறுத்தால் உள்ளே மஞ்சள் கோடு.

இலையைத் தடவிப் பார்த்தார். ஒரு பழத்தை அறுத்தார். நம்பாமல் இன்னொன்றையும் அறுத்தார். அவர் இதுவரை பார்த்த 'பரம்பரை விதை'களில் பாதி, போன வருஷம் கடையில் வாங்கியவை. இதைக் கண்டதும் அவருக்கே சந்தோஷம் தாங்கவில்லை.

"அச்சு அசல்! உங்க பேர்லயே பதிவு பண்ணிடறேன்."

"அப்படிப் போடுங்க! அப்பா குடுத்ததைக் கண்ணுக்குக் கண்ணா காப்பாத்தினவன் நான். அவனுக்கு ஏது அந்தத் துப்பு!" தெருவுக்கெல்லாம் சொல்லப் பெரியவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

ஆய்வாளர் புறப்பட்டபோது மருமகள் வாசல்வரை வந்தாள்.

"சார், சின்ன மாமா பேரையும் சேர்த்துப் போட முடியுமா?"

"அவர்கிட்டதான் அசல் இல்லையேம்மா?"

அவள் குரலைத் தாழ்த்தினாள்.

"மாமா எடுத்து வச்ச விதை எப்பவோ பூஞ்சை பிடிச்சுப் போச்சு, ஒண்ணுகூட முளைக்கலை. 'அண்ணன் தாங்கமாட்டாரு, சொல்லிடாதே'ன்னு, மாமா இல்லாத நேரமாப் பார்த்துத் தன் தோட்டத்து நாத்தையெல்லாம் கொண்டுவந்து இங்க நட்டுட்டுப் போனது சின்ன மாமாதான், சார்!"