பவளப்பாறையின் பழைய சத்தம்

தூத்துக்குடிக் கடல் சூடேறி, பவளப்பாறைகள் வெந்து வெளுத்துச் செத்த பிறகு, அவை உயிரோடிருந்த காலத்தில் ஊர்ப்பெண் ஜெனோவா பதிவு செய்து வைத்திருந்த சத்தத்தை ஊர்க்காரர்கள் நீருக்கடியில் ஒலிக்கவிட்டார்கள். எண்ணெய் பொரிவது போன்ற அந்தச் சடசடப்பை நம்பி மீன்கள் கூட்டங்கூட்டமாய்த் திரும்பின. வலைகள் நிறைந்தன. ஜெனோவாவுக்கு மாலை போட்டார்கள்.

ஒருநாள் கடலில் முங்கிப் பார்த்துவிட்டு வந்த அவள் அண்ணன் மிக்கேல் தலையைக்கூடத் துவட்டவில்லை.

"மீன் குஞ்சுகளும் வருதுட்டி. அங்க திங்க ஒண்ணுமில்ல. பாறையச் சுத்திச் சுத்தி வந்து செத்துக் கெடக்கு."

ஜெனோவா அன்றே சத்தத்தை நிறுத்தினாள். அந்த வாரம் முழுக்கப் படகுகள் வெறுமையாய்த் திரும்பின. ஊர்த்தலைவர் ஆட்களோடு வாசலுக்கு வந்தார். அன்று காலை அதே பாறையருகே பதிவு செய்ததை ஓடவிட்டு, ஹெட்போனை அவர் காதில் மாட்டிவிட்டாள். அதில் ஒரு சத்தமும் இல்லை. அவர் வெகுநேரம் கேட்டார். கண் கலங்கிவிட்டது.

"பாவந்தான் தாயி," என்றார். "ஆனா எங்க பிள்ளையளும் திங்கணும்லா? சத்தத்தப் போட்டு விடு."

அவள் அசையவில்லை. மூன்று பிள்ளைகளுக்குத் தகப்பனான மிக்கேல்தான், தங்கையின் முகத்தைப் பார்க்காமல் போய் விசையைத் தட்டினான்.