பூங்கா ரேடியோவில் தாஷ்கண்ட்

தென்காசி நகராட்சிப் பூங்காவில் அந்தி இறங்குகிறது. கம்பத்து ஒலிபெருக்கியில் செய்தி வாசிக்கிறார்கள். மூன்று மாதம் முன்பு நம் பிரதமர் காலமான அதே தாஷ்கண்டில் நிலநடுக்கமாம். ஆயிரக்கணக்கான வீடுகள் இடிந்துவிட்டனவாம். கோயிலுக்குப் புறப்பட்ட ஆவுடைநாயகம் பிள்ளை வேலிக்கு வெளியே நின்றுவிடுகிறார். திருநீற்றுப் பையைப் பிடித்த விரல்கள் இறுகுகின்றன. முதுகு மட்டும் வளையவில்லை. தாஷ்கண்டுக்குப் பொறியியல் படிக்கப் போன மகன் சிவசைலம் அந்த ஊர்ப் பெண்ணைக் கட்டிக்கொண்டு அங்கேயே இருக்கிறான். கல்யாணச் சேதி வந்த அன்றே பங்காளிகள் பார்க்கக் குற்றாலத்து அருவியில் அவனுக்கு எள்ளும் தண்ணீரும் இறைத்துத் தலைமுழுகியவர் அவர். வீட்டில் அவன் பெயரை யாரும் எடுக்கக்கூடாது.

செய்தி முடிந்து நாகசுரம் தொடங்குகிறது. "ரஷ்யாக்காரிய கெட்டினா பூமி பொறுக்குமா வே?" என்று சிமெண்டு பெஞ்சில் கடலை கொறிப்பவன் சிரிக்கிறான். "வாயப் பொத்துலே" என்று அவனை அதட்டிவிட்டு, பூங்கா ரேடியோவை இயக்கும் நகராட்சி ஊழியன் மாடக்கண்ணு வேலியருகே வருகிறான். "அண்ணாச்சி, தம்பிக்கு ஒரு தந்தி அடிச்சுக் கேக்கலாம்லா?" "செத்தவனுக்கு எவம்லே தந்தி அடிப்பான்?" மாடக்கண்ணு திரும்பி நடக்கிறான். "ஏலே, நில்லு." அவர் குரல் தாழ்கிறது. "அது பெரிய ஊரா லே?" மதுரையைத் தாண்டி எங்கும் போகாத மாடக்கண்ணு சற்றும் யோசிக்கவில்லை. "மதுரைய மாதிரி பத்து மடங்கு இருக்கும் அண்ணாச்சி. எம்புட்டோ சனம், எம்புட்டோ வீடு. அம்புட்டுமா விழுந்திருக்கும்?"

ஆவுடைநாயகம் மெல்லத் தலையசைக்கிறார். கோயிலில் சாயரட்சை மணி கேட்கிறது. அவர் வேலியைத் தாண்டி உள்ளே வந்து, அடுத்த செய்திக்காக, சிரித்தவன் பக்கத்தில் காலியாகக் கிடக்கும் இடத்தில் உட்காருகிறார்.