முதல் வாய்

ஞாயிறு ஆராதனைக்குப் போட்டுப்போன வெள்ளைச் சட்டையைக்கூடக் கழற்றாமல் ஃபலனிக்கோ பாயில் சம்மணமிட்டு உட்கார்ந்திருக்கிறார். குடும்பத் தலைவர் முதல் வாய் வைக்கும்வரை இந்த வீட்டில் யாரும் சாப்பாட்டைத் தொடுவதில்லை. வெளியே கல்லடுப்பில் இன்னும் புகை அடங்கவில்லை. எதிரே வாழையிலையில் பன்றித் தோல் தேன் நிறத்தில் மினுங்குகிறது. சேப்பங்கிழங்கின்மேல் தேங்காய்ப்பால் கெட்டியாய் வழிகிறது. கிண்ணம் நிறையச் சர்க்கரை போட்ட கோக்கோச் சோறு. மனைவி சியேனி விசிறியால் ஈ ஓட்டுகிறாள். "சாப்பிடுங்க. சர்க்கரை நோய் இல்லேன்னு ஆப்பியா ஆஸ்பத்திரி நர்ஸே சொல்லிட்டாளே, இன்னும் என்ன பயம்?" என்று சிரித்தபடி இன்னொரு துண்டு கறி வைக்கிறாள். நர்ஸ் சொன்னதில் பாதியைத்தான் அவர் வீட்டில் சொன்னார். "நோய்னு சொல்ற அளவுக்கு வரல, ஐயா. ஆனா சர்க்கரை எல்லைக்கோட்டை ஒட்டித்தான் நிக்குது. இதயத்துக்கு ஆபத்து வர்றதுக்கு அது கோட்டைத் தாண்டணும்னு இல்ல" என்பது மறுபாதி. தம்பி இயோனாவுக்கும் சர்க்கரை நோய் இல்லை. போன மாதம் படகைக் கரையேற்றும்போது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு மணலில் உட்கார்ந்தவன் எழவே இல்லை. ஊர் வழக்கப்படி அவன் கல்லறை இதோ வீட்டு முற்றத்திலேயே, வாசலுக்கு நேராக, வெயிலில் கண் கூசப் பளிச்சிடுகிறது. "பெரியப்பா, பசிக்குது" என்கிறாள் இயோனாவின் மகள். விசிறி நின்றுவிடுகிறது. எல்லாக் கண்களும் அவர் கையில். ஃபலனிக்கோ கிழங்கைப் பிட்டு வாயில் வைக்கிறார். அந்தக் கணமே அத்தனை கைகளும் இலைகளுக்குப் பாய்கின்றன. அவர் மட்டும் மெல்லாமல், தன் இதயத்தின் ஒவ்வொரு துடிப்புக்குப் பின்னாலும் அடுத்தது வருகிறதா என்று கேட்டுக்கொண்டிருக்கிறார்.