விழுந்த கணக்கு

சுண்டெலி ஓடுவதை நிறுத்திவிட்டது.

ஆனால் விழவில்லை. சுழலும் உருளையை நான்கு கால்களாலும் கட்டிப்பிடித்துக்கொண்டு, அதோடு சேர்ந்து தலைகீழாகப் போய் மறுபடி மேலே வந்தது.

ஒரு முழுச் சுற்று ஒட்டிக்கொண்டே வந்தால் விழுந்த கணக்கு. எங்கள் ஆய்வகத்தின் விதி அது. எழுதிய மகராசி நான்தான். உருளை மேல் ஓடினால்தான் நரம்பு வேலை செய்கிறது என்று அர்த்தம். தொங்கிக்கொண்டு வருவதற்குப் பிடிவாதம் போதும்.

மெல்பர்னில் அன்று காலையிலிருந்தே மழை. அடித்தளத்தில் இருக்கும் எங்களுக்கு அது தெரியாது. சிவப்பு விளக்கு, எலி வாடை, எலிகள் மனிதக் குரலுக்குப் பழகட்டும் என்று நாள் முழுக்கப் பாடவிடும் வானொலி. அதில் ஃபுட்டி என்கிற ஆஸ்திரேலியக் கால்பந்தின் வர்ணனை. பக்கத்தில் நின்ற என் சகா டார்சியின் அணி தோற்றுக்கொண்டிருந்தது.

இந்த எலிகளுக்கு ஹன்டிங்டன் நோயைப் பிறவியிலேயே வைத்திருக்கிறோம். மூளையில் கெட்டுப்போன புரதம் குப்பையாகச் சேரும். நரம்பு பட்டினியில் சாகும். கை கால் தன் இஷ்டத்துக்கு ஆடும். மனிதர்களில் பெற்றவரிடமிருந்து பிள்ளைக்கு இறங்கும்.

எங்கள் மருந்து அந்தக் குப்பையை அள்ளும், கூடவே நரம்புக்குத் தீனியும் போடும். அப்படித்தான் நம்பிக்கொண்டிருக்கிறோம். பாதி எலிகளுக்கு மருந்து, பாதிக்கு வெறும் உப்புத் தண்ணீர். எதற்கு எது என்று சோதிக்கிற எனக்குத் தெரியக் கூடாது. தெரிந்தால் கண் தான் ஆசைப்பட்டதைப் பார்க்கும்.

தெரிந்த ஒரே ஆள் டார்சி. ஊசி போடுபவன் அவன். நல்லவன். மாடியில் எனக்குக் காபி ஊற்றினால் பாதிக் கோப்பைதான் ஊற்றுவான், கேட்டால் நான் பரம்பரைக் கஞ்சன் என்பான். அவன் இந்த அறைக்குள் வரவே கூடாது. என் உதவியாளர் காய்ச்சலில் படுத்துவிட்டதால், வாயைத் திறக்க மாட்டேன் என்று சத்தியம் செய்துவிட்டு எலிகளை எடுத்துத் தர வந்திருந்தான்.

இன்றைய முடிவு சரியில்லை என்றால் மேலே இருப்பவர்கள் ஆய்வை இழுத்து மூடிவிடுவார்கள். அது எங்கள் இருவருக்கும் தெரியும்.

எலி இரண்டாவது முறையாகத் தலைகீழாகப் போனது.

வலக் கையால் பேனாவை எடுத்தேன். இடக் கை வழக்கம்போல் கோட்டுப் பையில் இருந்தது.

"விழுந்துச்சுன்னு எழுதாத, மெரின். இது ஒண்ணு மட்டும் வேணாம்."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவனுக்கே உறைத்தது. வாயைப் பொத்திக்கொண்டான்.

உப்புத் தண்ணீர் எலியாக இருந்தால் விழட்டும் என்று சும்மா நின்றிருப்பான். ஆகவே இது மருந்து எலி. மருந்து போட்ட எலிதான் ஓட முடியாமல் தொங்கிக்கொண்டிருக்கிறது.

 அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. எலி மேல் இல்லை, மருந்து மேலும் இல்லை. டார்சியின் இரக்கத்தின் மேல்.

விழுந்தது என்று எழுதினேன். ஊசி போட்டவர் வாய்விட்டுவிட்டார், இந்த எலியை வேறு ஒருவர் மறுபடி சோதிக்க வேண்டும் என்று அதன் கீழேயே எழுதினேன்.

ஆய்வை மூடிவிடுவார்களே என்று முனகினான். மூடட்டும், வேறு கதவைத் தட்டுகிறேன் என்றேன். குப்பை அள்ளுகிற பாதி சொதப்புகிறதா, தீனி போடுகிற பாதி சொதப்புகிறதா என்று பார்க்கிறேன், இது ஆகாவிட்டால் இன்னொன்றைச் செய்கிறேன். அவன் காதில் எதுவும் ஏறவில்லை. என் கோட்டுப் பையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"எனக்காகப் பொய் சொல்ற மருந்து எனக்கு வேணாம், டார்சி."

உருளையை நிறுத்தினேன். அது நின்ற பிறகும் எலி பிடியை விடவில்லை. இழுத்தால் நகம் பிய்ந்துவிடும். அதன் வயிற்றைத் தாங்க ஒரு கை வேண்டும், உருளை அசையாமல் பிடிக்க ஒரு கை வேண்டும்.

இடக் கையை வெளியே எடுத்தேன்.

விரல்கள் ஆளுக்கொரு பக்கம் துள்ளின. பல்லாரட் ஊரில், எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில், அம்மாவின் கை ஆடிய அதே ஆட்டம்.

டார்சி சுவரைப் பார்த்தான். பரவாயில்லை, பார் என்றேன். பார்த்தான்.

ஆடுகிற கையால் உருளையை இறுக்கிப் பிடித்தேன். எதையாவது பிடித்துக்கொண்டால் கொஞ்சம் அடங்கும். எலி கையுறையோடு சேர்த்து என் கட்டை விரலைக் கடித்தது. நன்றாகவே கடித்தது. நான் கையை எடுக்கவில்லை, அதுவும் உருளையை விடவில்லை.

"ரெண்டு பேரும் இப்ப விடப் போறீங்களா, இல்லையா?" என்றான் டார்சி.

"அடுத்ததக் கொண்டா" என்றேன். "வாயத் தைச்சுக்கிட்டு."