நாரத்தை இலை தின்ற பூச்சி

மேகம் இறங்கித் தங்கும் ஒரு மலையில் சிவப்புச் சிறகுள்ள கிழப் பட்டாம்பூச்சி ஒன்று இருந்தது. புழுவாக இருந்த காலம் முழுக்க நச்சுக்கொடியின் இலையையே தின்று வளர்ந்ததால் அதன் உடம்பெல்லாம் கசப்பு. அதே சிவப்பில் இன்னொரு பட்டாம்பூச்சியும் அங்கே திரிந்தது. அது வளர்ந்தது நாரத்தை இலையில். உடம்பில் கசப்பு துளியும் இல்லை.

ஒருநாள் அந்த மலைக்குப் புதிதாக ஒரு குருவி வந்தது. சிவப்பு என்றால் கசக்கும் என்று அதற்குத் தெரியாது.

“அண்ணே, நீங்க முன்னால போங்க,” என்றது நாரத்தைப் பூச்சி.

“பூவுக்குப் போறப்ப மட்டும் நீதானேடா முன்னால போவ?” என்றது கிழப் பூச்சி. ஆனாலும் போயிற்று. குருவி முதலில் நாரத்தைப் பூச்சியைத் தின்றுவிட்டால், சிவப்பு ருசிக்கும் என்று பழகிவிடும். பிறகு சிவப்பைக் கண்டாலே கொத்தும், கசப்பு இனத்திலும் ஒன்றுகூட மிஞ்சாது.

குருவி கவ்வியது, உடனே துப்பியது. கிழப் பூச்சிக்கு ஒரு சிறகு பாதி போயிற்று.

மறுநாள் நாரத்தைப் பூச்சி பாறைமேல் நின்று, “அந்தக் குருவிக்கு நாங்க பாடம் புகட்டினோம்!” என்று மற்ற பூச்சிகளிடம் முழங்கிக்கொண்டிருந்தது. பறக்க முடியாத கிழப் பூச்சி கீழே பாசியில் அதைக் கேட்டபடி கிடந்தது.

“அப்ப நீங்களும் கசப்பீங்களா?” என்றது கூட்டத்தில் ஒன்று.

நாரத்தைப் பூச்சி நிமிர்ந்து பார்த்தது. மேலே கிளையில் அதே குருவி தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்தது.

“சொல்லுடா தம்பி, கசப்பேன்னு சொல்லு,” என்று கத்தியது கிழப் பூச்சி. “உரக்கச் சொல்லு!”