பழசு வேணுமா?

"பழசு எதுவும் வேணுமாம்மா? போட்டோ, வீடியோ?"

"ஒண்ணும் வேண்டாம் அண்ணே. புது எஸ்எஸ்டி மாட்டி, ஓஎஸ் ஏத்திக் குடுங்க, போதும். பழைய டிஸ்க்கை உடைச்சுப் போட்டிருங்க."

நம்பிராஜன் தென்காசி கூலக்கடை பஜாரில் பதினாலு வருஷமாகக் கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கிறான். 'பழசு வேணுமா' என்று மூன்று தடவை கேட்காமல் எந்த லேப்டாப்பிலும் கை வைக்க மாட்டான். வேண்டாம் என்று போனவர்கள் மறுநாள் தலையில் அடித்துக்கொண்டு வந்து நிற்பதை எத்தனையோ தடவை பார்த்தாயிற்று.

மூன்று தடவையும் வேண்டாம் என்றுதான் சொன்னாள் முஹ்ஸினா.

அவள் புருஷன் உசாமா சவூதியில், தம்மாமில், தூக்கத்திலேயே போய்ச் சேர்ந்து நாலரை மாதம் ஆகிறது. மாரடைப்பு. அங்கேயே அடக்கம். கூட வேலை பார்த்தவர் ஊருக்குக் கொண்டுவந்து கொடுத்தது இந்த லேப்டாப் ஒன்றைத்தான்.

"நாலு மாசம் பத்து நாள் இத்தா முடிஞ்சு முந்தாநாள்தான் வெளியவே வந்தேன் அண்ணே. பிள்ளைகளுக்கு ஆன்லைன்ல குர்ஆன் ஓதிக் குடுக்கலாம்னு இருக்கேன். சாயந்திரம் கிடைக்குமா?"

"கிடைக்கும்."

அவள் படி இறங்கியதும் முணுமுணுத்தான். "மண்ணு ஈரம் காயல. அதுக்குள்ள உடைச்சுப் போடணுமாம்."

மத்தியானம் உசாமாவின் வாப்பா முகம்மது சலீம் குடையை மடக்கிக்கொண்டு உள்ளே வந்தார். குற்றாலத்துச் சாரல் கடை வாசல் வரைக்கும் அடித்துக்கொண்டிருந்தது.

"மருமவ லேப்டாப் குடுத்தாளா தம்பி?"

"குடுத்திருக்கா பாய். எல்லாத்தையும் அழிக்கச் சொல்லிட்டா."

பெரியவர் நாற்காலியைப் பிடித்துக்கொண்டார். "கடைசியா பேசையில, 'வாப்பா, உங்களுக்கு ஒரு லெட்டர் எழுதி வச்சிருக்கேன், அனுப்புதேன்'ன்னான். அனுப்பல. விடிஞ்சா ஆளே இல்ல. எனக்கு அது மட்டும் வேணும் தம்பி."

"மருமவகிட்ட கேக்கலியா?"

"அப்படி ஒண்ணுமே அதுல இல்லங்கா. பொய்! மாடி கட்டணும்னு இவ பிடிச்ச பிடியிலதான என் பிள்ளை ஒம்பது வருசம் அங்கனயே கெடந்தான்?"

நம்பிராஜனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "உக்காருங்க பாய். நான் எடுத்துத் தாறேன்."

லேப்டாப்பில் புது ஓஎஸ் நாற்பது சதவீதம் ஓடியிருந்தது. பழைய டிஸ்க்கைக் கேபிள் போட்டுத் தன் கம்ப்யூட்டரில் மாட்டினான். கடகடவென்று முனகிக்கொண்டே திறந்தது. 'வாப்பா' என்ற பெயரில் ஒரே ஒரு ஃபைல். உசாமா சாவதற்கு முந்தின நாள் தேதி.

"கிடைச்சிட்டு பாய்!"

அவர் ஸ்கிரீன் பக்கம் குனிந்தார். "என்னது, இங்கிலீஷா இருக்கு?"

"தமிழ்தான். இங்கிலீஷ் எழுத்துல அடிச்சிருக்கான்."

"அது எனக்கு ஓடாது. நீ வாசி."

நம்பிராஜன் வாயைத் திறந்தான். அப்படியே நின்றுவிட்டான். கண் மட்டும் கடைசி வரி வரைக்கும் போய் வந்தது.

"வாசி தம்பி."

"வாப்பா... உடம்பைப் பாத்துக்கோங்க. உம்மாவுக்கு வேளைக்கு மாத்திரை குடுங்க. நான் இங்கன நல்லா இருக்கேன். ஒரு குறையும் இல்ல. உங்களை மாதிரி வாப்பா கிடைக்க நான் குடுத்து வச்சிருக்கணும்."

பெரியவர் குலுங்கிக் குலுங்கி அழுதார். "இன்னொரு தடவ வாசி."

வாசித்தான். முதலில் சொன்ன வார்த்தைகள் அப்படியே வரவில்லை. அவர் கவனிக்கவில்லை.

"இதைப் பென் டிரைவ்ல போட்டுக் குடு. பேத்திய தினமும் வாசிக்கச் சொல்லிக் கேப்பேன்."

நம்பிராஜன் மேசைக்கு அடியில் கையை விட்டுக் கேபிளை உருவினான். "அய்யோ, டிஸ்க்கு நின்னுட்டு பாய். இதுக்கு மேல வராது."

பெரியவர் எழுந்தார். வாசலில், அவரைத் தேடி வந்த முஹ்ஸினா நின்றிருந்தாள்.

"என் பிள்ளையைத்தான் அங்கன சாகக் குடுத்த. இந்த எழுத்தையுமா அழிக்கப் பாத்த? நீ நல்லா இருப்பியா?"

குடையை விரிக்கக்கூடத் தோன்றாமல் நனைந்துகொண்டே போனார்.

அவர் தெருமுனை திரும்பியதும் முஹ்ஸினா உள்ளே வந்தாள்.

"மாமா அதை வாசிச்சிட்டாங்களா அண்ணே?"

"இல்லம்மா. நான்தான் வாசிச்சேன். வேற மாதிரி."

"அல்ஹம்துலில்லாஹ்" என்று சுவரில் சாய்ந்துகொண்டாள்.

நம்பிராஜனுக்கு அவள் முகத்தைப் பார்க்க வெட்கமாக இருந்தது. "அவருகிட்ட சொல்லிரலாம்லா? இன்னும் எத்தனை நாளைக்கு ஏச்சு வாங்குவ?"

"என்னை ஏசிக்கிட்டாவது உயிரோட இருக்கட்டும் அண்ணே. உடைச்சிருங்க."

இந்தத் தடவை நம்பிராஜன் 'பழசு வேணுமா' என்று கேட்கவில்லை. சுத்தியலை எடுத்தான். அடிக்க அடிக்க, வாசிக்காமல் விட்ட வரிகள்தான் தலைக்குள் ஓடின.

'வாப்பா, ரெண்டு நாளா நெஞ்சு வலிக்கு. மாடி வேண்டாம், வந்துருங்கன்னு முஹ்ஸினா அழுதா. இந்தத் தடவையாவது, இன்னும் ஒரு வருசம் இருன்னு சொல்லிராதீங்க வாப்பா.'