உடைமுள் டிரம்மர்

பாளையம்பட்டியில் பெண் பார்க்கப் போன இடத்தில் அழகுராஜாவின் அம்மா முந்திக்கொண்டாள். "கச்சேரியெல்லாம் விட்டுட்டான். இப்ப மில்லுல சூப்பர்வைசரு."

அழகுராஜா தலையாட்டினான். விசைத்தறிச் சத்தத்துக்கு நடுவே நண்பர்களோடு வாசித்துப் பழகித் தொடங்கிய 'உடைமுள்' ராக் குழுவில் எட்டு வருஷம் டிரம்ஸ் வாசித்தவன். இரண்டு ஆல்பம், பெங்களூர் வரை மேடை. கல்யாணத்துக்காகப் போன மாதம்தான் விலகினான்.

தனியாகப் பேச வேண்டுமென்று பெண் நாகஜோதி அவனை உள்ளறைக்கு அழைத்தாள்.

"நெசமாவே விட்டுட்டீகளா?"

"ஆமாங்க."

"திரும்பக் கூப்பிட்டா?"

"போக மாட்டேன். நம்புங்க."

அவளுக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

"நல்லதாப் போச்சு. உடைமுள்ளுல உங்க எடத்துக்கு என்னையத்தான் சேத்திருக்காக. கல்யாணமானாலும் நான் விட மாட்டேன். சம்மதமா?"

அழகுராஜாவை யாரும் விடச் சொல்லிக் கட்டாயப்படுத்தவில்லை. பெண் கிடைக்காதோ என்று அவனாகவே பயந்து விலகியிருந்தான். ஜன்னல் பக்கம் நகர்ந்தான்.

"சம்மதந்தான்" என்றான். "ரெண்டாவது ஆல்பத்துக் கடைசிப் பாட்டுல தாளம் மாறுமே, பிடிபட்டுச்சா?"

"அங்கனதான் தடுமாறுது."

அவன் ஜன்னல் கட்டையில் மெல்லத் தட்டிக் காட்டினான். திரும்பவும் தட்டியபோது அவளும் சேர்ந்துகொண்டாள்.